உடம்புச் சூட்டில் ஒரு கிணறு

சாயப்பட்டறையில் இருந்த முந்நூறு பேருக்கும் அவள் லேப் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அக்காதான். வீட்டில் கொழுந்தன்கூட, கோபம் வந்தால் ‘அண்ணி’யை விட்டுவிட்டு “சரிங்க லேப் அக்கா” என்பான். அந்த ஒரு வார்த்தையிலேயே அவனுக்கு எவ்வளவு கோபம் என்று தெரிந்துவிடும்.

தண்ணீரை அளப்பது அவள் வேலை. துணிக்குச் சாயம் ஏற்றியபின் மிஞ்சும் தண்ணீர் பன்னிரண்டு தொட்டிகளைக் கடந்து வரும். அதில் பத்துக்கு ஒன்பது பங்கு தெளிந்து மறுபடி சாயத்துக்கே திரும்பிப் போகும். மிஞ்சுகிற ஒரு பங்கில்தான் உப்பு முழுக்கச் சேர்ந்து நிற்கும். பட்டறைக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கசப்பு. கசப்பைக் கடைசித் தொட்டியில் தேக்கி, பின்பக்கக் கொட்டகையில் இரண்டு மாடி உயரத்துக்கு நின்ற எஃகு அடுப்பில் சுண்டக் காய்ச்சினால், உப்பு மட்டும் மூட்டை மூட்டையாக வெளியே வரும். அதைப் பெரிய அடுப்பு என்பார்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஒவ்வொரு தொட்டியிலும் குப்பியை முக்கி எடுத்து, உப்பு எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதுவாள். பதினேழு வருஷமாகத் தன் கண்ணால் பார்க்காத எண்ணை அவள் எழுதியதில்லை. ஒன்றைத் தவிர. பெரிய அடுப்பில் எவ்வளவு கசப்பு காய்ந்தது என்பதை மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்வாள்.

பட்டறை வாசலில் ஒரு பலகை இருந்தது. ‘ஒரு சொட்டும் வெளியே போவதில்லை’ என்று மேலே. அதற்குக் கீழே ஒரு பெரிய எண். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தனக்குத் துணி கொடுக்கிற பட்டறைகளுக்கெல்லாம் தண்ணீரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து வருஷா வருஷம் மார்க் போடும். முதல் வருஷம் அறுபத்திரண்டு. அடுத்த வருஷம் எழுபத்தெட்டு. அதற்கடுத்து தொண்ணூற்றேழு. அந்தத் தொண்ணூற்றேழு வந்த மறுமாதமே இதுவரை பார்க்காத பெரிய ஆர்டர் வந்தது. மூன்றாவது ஷிஃப்ட் போட்டார்கள். ஆட்களை ஏற்றிவரப் புது பஸ் வந்தது. கொழுந்தன் இரண்டு இயந்திரங்களுக்குப் பொறுப்பாளன் ஆனான். மார்க் இறங்கினால் ஆர்டர் இறங்கும், ஆர்டர் இறங்கினால் அடுப்பு எரியாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இது வீட்டு அடுப்பு.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊரில் ஒவ்வொரு கிணறாக வற்றிக்கொண்டு வந்தது. லேப் அக்காவின் தெரு பட்டறைக்குக் கீழ்ச்சரிவில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே நாலு வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு கிணறு. கோடையின் நடுவில் ஒரு நாள், பக்கத்து வீட்டுத் தையல்காரி வாளியை இறக்கியவள், கயிறு பாதி நீளத்திலேயே தொய்ந்ததைப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள்.

“அக்கா, இங்க வாங்களேன். தண்ணி மேல வந்திருக்கு.”

நாலு வீட்டாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். போன வாரம்வரை அடியில் காசளவு மினுங்கிய தண்ணீர், இப்போது பதினைந்து அடி ஏறி, கண்ணாடி போலத் தெளிந்து நின்றது. நமக்கு மட்டும் யோகம் அடித்திருக்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். லேப் அக்காவும் சிரித்தாள். அன்று எல்லார் வீட்டிலும் துணி துவைத்தார்கள்.

குளிக்கும்போதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் வைத்த தண்ணீரின் சூடு இல்லை அது. ஒருத்தர் கையைப் பிடித்தால் தெரியுமே, அந்தச் சூடு.

அவள் வீட்டுக்காரர் இருசக்கர வண்டிகள் பழுதுபார்க்கிறவர். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனுஷர்.

“கிணத்துக்குக் காய்ச்சல் போலிருக்கு. ரெண்டு மாத்திரை வாங்கிப் போடு” என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே.

“விளையாடாதீங்க. பூமிக்குள்ள இருந்து வர்ற தண்ணி சில்லுன்னுதானே இருக்கணும்?”

“இல்லாதப்போ இல்லையேன்னு புலம்பினே. இப்போ இருக்கு, சூடா இருக்குன்னு புலம்புறே. உனக்கு என்னதான் வேணும்?”

அவள் மறுபடி கையை வாளிக்குள் விட்டுப் பார்த்தாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. காய்ந்த துணி அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு கொடியில் நின்றது. சோப்பு நுரைக்கவில்லை. கிணற்றுச் சுவரில் காக்கைகள் வந்து உட்காரும், தலையைச் சாய்த்து உள்ளே பார்க்கும், குடிக்காமல் போய்விடும். கிணற்றுக்குள் இரண்டு தவளைகள் இருந்தன. வற்றிய காலத்திலும் அடிச்சேற்றில் கிடந்து கத்திக்கொண்டிருந்தவை, தண்ணீர் ஏறிய பிறகு ஒரு நாளும் கத்தவில்லை. துவைகல்லைச் சுற்றி எறும்பு இல்லை, கொசு இல்லை, பாசிகூட இல்லை. பின்கட்டே துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை முதலில் கவனித்தவள் தையல்காரிதான். அவள் இயந்திரம் பின்ஜன்னல் ஓரத்தில் இருந்தது. நாளெல்லாம் கிணற்றைப் பார்த்தபடிதான் தைப்பாள்.

“சொன்னா சிரிப்பீங்க அக்கா. அது மூச்சு விடுது.”

“எது?”

“கிணறுதான். சாயங்காலம் நாலு மணி ஆனா மேல வருது. காலையில பார்த்தா உள்ள போயிருக்கு. தினமும். நான் கல்லை எண்ணி வெச்சிருக்கேன். நாலு கல்லு வருது, நாலு கல்லு போகுது.”

லேப் அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்றரைக்கே வீட்டுக்கு வந்து, கிணற்றுச் சுவரில் கையூன்றி நின்றாள். நல்ல வெயில். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நாலு மணிக்குப் பட்டறையில் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், உள்ளங்கைக்கு அடியில் சுவர் லேசாக அதிர்வது போலிருந்தது. கீழே தண்ணீரின் முகம் ஒரு சுருக்கமும் இல்லாமல், சத்தமே இல்லாமல் மேலே வர ஆரம்பித்தது. ஒரு கல். இரண்டாவது கல். அதில் தெரிந்த அவள் முகமும் கூடவே ஏறி அவளை நோக்கி வந்தது. மூன்றாவது கல்லுக்கு அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சிறிய பாட்டிலில் அடைத்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். எல்லாத் தொட்டிகளையும் அளந்து முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மீட்டரை அதில் முக்கினாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. அந்த எண்ணை அவள் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. பதினேழு வருஷமாக எழுதி எழுதி விரலுக்கே பழகிப்போன கடைசித் தொட்டி எண்ணில் சரியாகப் பாதி அது. கசப்பில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீரைக் கலந்தால் வருவது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள். அங்கே போக அவளுக்குத் தடை ஒன்றும் கிடையாது. போக வேண்டிய வேலையும் இருந்ததில்லை. பெரிய அடுப்பின் கதவைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கைப்பிடியில் சிலந்தி வலை கட்டியிருந்தது. யாராவது பார்க்க வரும் நாட்களில் மட்டும் அதன் புகைபோக்கியில் புகை வருவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுக் குப்பியைக் கழுவப் போயிருக்கிறாள். அடுப்புக்குப் பின்னால், பழைய தார்ப்பாயை விலக்கினால், எப்போதோ வற்றிப்போய்க் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு. அதன் வாய்க்குள் புத்தம் புதுக் குழாய் ஒன்று இறங்கியிருந்தது.

அப்போதும் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. லேப் அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த மயில் நீலச் சாயத்தில் ஒரு பொட்டலம் எடுத்துக் கரைத்து, யாரும் பார்க்காதபோது கசப்புத் தொட்டியில் ஊற்றினாள். தெருவில் நாலு வீட்டுக்கும் போய், ரெண்டு நாள் கிணற்றில் யாரும் கை வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. பிற்பகலில் அவளும் தையல்காரியும் ஆளுக்கொரு முக்காலி போட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். சங்கு ஊதியது. தண்ணீர் ஏறியது. முதல் கல் தெளிவாக. இரண்டாவது கல்லும் தெளிவாக. பட்டறைப் பக்கத்துச் சுவரில், தண்ணீருக்கு அடியில் இருந்த ஒரு விரிசலிலிருந்து நூலிழை போல ஒரு நீலம் வெளியே வந்தது. கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு ஐந்து விரல்களையும் விரிக்கிற மாதிரி மெதுவாக விரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிணறு முழுக்க மயில் நீலமாயிற்று. அத்தனை அழகான நிறம். அந்தப் பருவத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனி கேட்டிருந்த நிறம் அதுதான்.

“நாம இதுலதானே அக்கா குளிச்சோம்” என்றாள் தையல்காரி.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தன் வேலை உடுப்போடு நேராகப் பின்கட்டுக்கு வந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அண்ணி, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“தெருவே பார்த்தாச்சு.”

“தெரு பார்க்கட்டும். மார்க் போடறவங்க பார்க்கக் கூடாது. மார்க் போச்சுன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா முதல்ல நிறுத்துறது மூணாவது ஷிஃப்டு. அங்க நிக்கறது யாரு? நான்.”

“இந்தத் தண்ணி என்னிக்குமே சரியாகாதுப்பா.”

“கேன் தண்ணி வாங்கிக்கலாம்” என்றான். பிறகு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வாளியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தனியே வைத்தார்.

மறுநாள் அவள் நீலத் தண்ணீர் பாட்டிலோடு முதலாளியம்மாவைப் பார்க்கப் போனாள். அப்பாவுக்குப் பின் பட்டறையை எடுத்து நடத்துகிறவர். ஊரில் மற்ற பட்டறைகள் சாயத் தண்ணீரை நேராகவே வாய்க்காலில் திறந்துவிட்ட காலத்தில், வாய்க்கால் மதகை வெல்டிங் வைத்து அடைத்தவர். அந்த மதகின் முன்னால் நின்று எடுத்த படம் அவர் மேஜைக்குப் பின்னால் தொங்கியது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கே கலர். எந்த லாட்டு?”

“எங்க வீட்டுக் கிணறு மேடம்.”

அவள் சொல்லி முடிக்கும்வரை முதலாளியம்மா குறுக்கே பேசவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்தார், பாட்டிலைப் பார்த்தார். மறுக்கவில்லை. அதுதான் லேப் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

“பெரிய அடுப்பை ஓட்டினா விறகுக்கும் கரண்டுக்குமே இந்த ஆர்டர்ல நிக்கற லாபம் பூரா போயிடும் மேடம்” என்றார், தினப்படி அறிக்கை வாசிக்கிற குரலில். “ஓட்டலேன்னா மார்க் நிக்காது. மார்க் இல்லேன்னா ஆர்டரே கிடையாது. ரெண்டும் நிக்கணும்னீங்க. எப்படின்னு நீங்க கேக்கலை. நானும் சொல்லலை.”

முதலாளியம்மா பாட்டிலை மேஜையில் வைத்தார். அதன் அடியில் ஈரம் வட்டமாகப் படிந்தது.

“இது வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார் கடைசியில்.

கேள்வி தன்னைப் பார்த்துத்தான் என்பது லேப் அக்காவுக்கு ஒரு நொடி கழித்தே புரிந்தது. “நாலு வீட்டுக்கும் தெரியும் மேடம்.”

“சரி. நீங்க போங்க. நான் பார்த்துக்கறேன்.”

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் நாலு மணிக்குச் சங்கு ஊதியது. தினமும் கிணறு ஏறியது. நீலம் வெளுத்துப் பழையபடி தெளிந்தது. அந்தத் தெளிவை நம்பத்தான் யாருமில்லை. வீட்டுச் சுவர்களின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தால் போகும், விடிந்தால் முன்னைவிட ஒரு விரல் உயரத்தில் நிற்கும். பட்டறையில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா என்று கூப்பிட்டவர்கள் அவள் வருவதைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மேனேஜரின் துண்டுச் சீட்டு மட்டும் வழக்கம் போல மேஜைக்கு வந்தது. அவள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டாள். ஒன்பது நாளும் பதிவேட்டில் அந்த இடம் பல்லுப்போன மாதிரி காலியாக இருந்தது.

பத்தாம் நாள் மார்க் போடுகிற பெண்மணி வந்தார். வருஷா வருஷம் வருபவர்தான். வெள்ளைத் தொப்பி, கையில் காகிதம் செருகிய ஓர் அட்டை, கூடவே மொழிபெயர்க்க ஒருவர். பின்பக்கம் புகைபோக்கியில் காலையிலிருந்தே புகை வந்துகொண்டிருந்தது. முதலாளியம்மாவும் மேனேஜரும் கூடவே நடந்தார்கள். லேபுக்குள் வந்து, மூன்று வருஷமாகக் கேட்கிற அதே கேள்விகளைக் கேட்டார். லேப் அக்கா அதே பதில்களைச் சொன்னாள். கடைசிக் கேள்வி எப்போதும் கசப்பைப் பற்றியது. அது எங்கே போகிறது? போன மூன்று முறையும் அவள், பெரிய அடுப்புக்கு என்று சொல்லியிருந்தாள்.

மொழிபெயர்ப்பவர் கேட்டார்: “கசப்பு எங்க போகுதுன்னு கேக்கறாங்க.”

மேனேஜர் தரையைப் பார்த்தார். முதலாளியம்மா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா, இல்லை நீயாவது சொல்லித் தொலை என்று இருந்ததா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

“எங்க தெருவுக்குப் போகுது” என்றாள்.

மொழிபெயர்ப்பவர், தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று திரும்பக் கேட்டார். அவள் திரும்பச் சொன்னாள். பதிவேட்டைத் திறந்து காலிக் கட்டங்களைக் காட்டினாள். வந்தவர் முதலாளியம்மாவிடம் திரும்பி ஏதோ கேட்டார். முதலாளியம்மா தானே முன்னால் நடந்து, கொட்டகைக்குப் போய், தன் கையாலேயே அந்தத் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அந்த வாரமே பலகையிலிருந்த எண்ணைக் கழற்றினார்கள். ஆர்டர் நின்றது. அந்தக் கம்பெனியைப் பார்த்து மற்ற இரண்டு கம்பெனிகளும் விலகின. மார்க்கைக் காட்டிக் கடன் வாங்கியிருந்த இடத்திலிருந்து வாசல்வரை வந்து கேட்டார்கள். மூன்றாவது ஷிஃப்ட் போயிற்று, பிறகு இரண்டாவது, பிறகு வாசலிலேயே பூட்டு. மேனேஜர் எங்கே போனார் என்று யாரும் தேடவில்லை. கொழுந்தன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனான். கிளம்பும்போது அண்ணனிடம் சொல்லிக்கொண்டான். அவளைத் தாண்டித்தான் செருப்பை எடுத்தான்.

“சரியான காரியம்தான் பண்ணினே” என்றார் வீட்டுக்காரர் அன்று. “அவன் திரும்பி வர கொஞ்ச நாளாகும். வருவான்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

பதினாலு மாதம் கழித்துப் பட்டறை பாதி அளவில் திறந்தது. இப்போது பெரிய அடுப்பு தினமும் எரிகிறது, அதன் வெக்கை லேப் வரை அடிக்கிறது. துணி விலை கூடுதல். அந்த விலைக்கு வாங்க ஒரே ஒரு கம்பெனி இருக்கிறது. மார்க் எழுபத்தொன்று. முதலாளியம்மா அதைப் பலகையில் போடவில்லை. லேப் அக்காவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பழைய வேலையோடு புதிதாக ஒரு வேலையும் தந்தார். ஆழ்துளைக் கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள், ஆனால் எட்டு மாதம் உள்ளே அனுப்பிய கசப்பு பாறைக்குள் எங்கேயும் போய்விடவில்லை. அது நகர்ந்துகொண்டிருந்தது. எந்தத் தெருவை எட்டியிருக்கிறது என்று மாதாமாதம் கிணறு கிணறாக அளந்து, எட்டிய தெருவுக்குப் பட்டறைச் செலவில் குழாய்த் தண்ணீர் இழுக்க வேண்டும். இப்போது வாங்குகிற அந்த ஒரே கம்பெனி போட்ட கட்டளை அது.

நாற்பத்தொரு கிணறு. மீட்டரும் பையுமாக அவள் தெருவுக்குள் நுழைந்தால், பேச்சு ஒவ்வொரு வாசலாக அடங்கும். முதல் வருஷத்தில் கசப்பு இரண்டு தெரு தாண்டியிருந்தது. இப்போது ஐந்தாவது. எந்தத் திசையில் போகும், எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. சில கிணறுகளை விட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டிருக்கிறது. எட்டாவது தெருவில் ஒரு வீட்டில் மட்டும் அவளுக்கு நாற்காலி போடுவார்கள். அந்த வீட்டுப் பெண் தானே இறைத்து, டம்ளரில் கொண்டுவந்து நீட்டுவாள். போன மாதமும் நீட்டினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு லேப் அக்கா நிமிர்ந்தாள்.

“இன்னும் வரலைம்மா.”

“எப்ப வரும்?”

“தெரியலை.”

“வந்தா எங்களுக்குத் தெரியுமா?”

லேப் அக்கா யோசித்தாள். “தண்ணி ரொம்ப நல்லா ஆயிடும்” என்றாள். “தெளிஞ்சு, மேல வரும். அப்போ எனக்குச் சொல்லி அனுப்புங்க.”

அந்தப் பெண் டம்ளரை வாங்கி, மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனவள் நின்று, கிணற்றுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். லேப் அக்கா எண்ணை எழுதிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டியதும் நின்றது.